கரி இல்லாத மலையில் கரண்டு ரயில்

ஹட்டன் பஜாரில் தையல் மெஷின் பழுதுபார்ப்பது என் தொழில். ரயில் பார்ப்பது என் பைத்தியம். இரண்டும் ஒரு நாள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒரு தோட்டத்திலிருந்து பழுதுக்கு வந்த மெஷினைப் பழைய ஆங்கிலச் சஞ்சிகைத் தாளில் சுற்றியிருந்தார்கள். அந்தத் தாளில் ஒரு படம்: தலைக்கு மேலே கம்பியிலிருந்து கரண்டு எடுத்துக்கொண்டு ஓடும் எஞ்சின் ஒன்று, சுரங்கத்திலிருந்து மின்நிலையத்துக்கு நிலக்கரி இழுத்துப் போகிறது. கரியை எரித்துக் கரண்டு, அந்தக் கரண்டில் ரயில், அந்த ரயிலில் மறுபடி கரி. தன் அரிசியைத் தானே தலையில் சுமந்து வரும் சமையற்காரனைப் போல எனக்குப் பட்டது. படத்தை வெட்டி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

இலங்கையில் இப்படி ஒன்றைப் பார்க்க வழியில்லை. இங்கே கரிச் சுரங்கம் கிடையாது. ஹட்டன் ஸ்டேஷனில் புகை விடும் எஞ்சின்கள் தின்னும் கரிகூடக் கப்பலில் வருகிறது. ஆனால் கரி செய்யும் வேலையை இந்த மலையில் தண்ணீர் செய்கிறது. அப்படிப்பட்ட மின்நிலையம் ஒன்றுக்குச் சாமானும் ஆளும் இறக்க, மலைச்சரிவில் தண்டவாளம் போட்டு, கரண்டில் ஓடும் ட்ரொலி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க 1961 ஆகஸ்டில், ஒரு புதன்கிழமை போனேன். இதே ஆசை உள்ளவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், தூரம், காசு எல்லாம் குறித்து வந்தேன். மின்நிலையத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. அனுமதி தந்த எஞ்சினியர் அப்படிக் கேட்டுக்கொண்டார். பெயர் இல்லாவிட்டாலும் வழி தவறாது. ஹட்டன் பஸ் நிலையத்தில் 'பவர்ஹவுஸ் பஸ்' என்று கேட்டால் வெற்றிலை விற்கிறவரும் கை காட்டுவார்.

அந்தப் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. என் மனைவியின் தம்பி சிவனு. டிக்கோயாவுக்கு மூன்று மைல் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கம்பியில் வேலை செய்கிறவன். மலை உச்சியில் மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் எடை போட்ட கொழுந்துச் சாக்குகளை, கொக்கி மாட்டிக் கம்பி வழியாகக் கீழே ஃபக்டரிக்கு விடுவது அவன் வேலை. பதினான்கு வயதில் தொடங்கியது, இப்போது முப்பத்து நாலு. பவர்ஹவுஸ் ட்ரொலியை இழுக்கும் விஞ்ச் மெஷினுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு லொறி டிரைவர் சொல்ல, நான் ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். என் கடை விலாசத்துக்குப் பதில் வந்தது. புதன் காலை ஒன்பதரைக்குக் கைவேலைப் பரீட்சை. வரும்போது பிரஜாவுரிமைப் பத்திரமும் கொண்டுவர வேண்டும்.

வேலை கிடைத்தால் மாதச் சம்பளம், இரண்டு அறை வீடு, அதில் கரண்டு விளக்கு. சிவனுவும் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருப்பது லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரே காம்பிரா, அதாவது ஒரே அறை. மழை பெய்தால் அதிலும் பாதிதான். அவனுக்கு இந்த வேலை எவ்வளவு வேண்டும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கையில் பத்திரம்தான் இல்லை. தோட்டத்துத் தமிழர் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பத்து வருடங்களுக்கு முன், அவன் மனுவும் என் மனுவும் ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே பேனாவால் எழுதப்பட்டன. எனக்கு ஐந்து வருடத்தில் பத்திரம் வந்தது. சிவனுவுக்கு வந்தது, 'உமது மனு கிடைத்தது' என்ற கடுதாசி மட்டும். அதைப் பவுடர் டின்னில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தான். கைவேலை நன்றாக இருந்தால் கடுதாசியே போதும் என்பது அவன் நம்பிக்கை. நானும் அதை மறுத்துப் பேசவில்லை.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இரவு மெயிலில் ஏறினால் நூற்றெட்டு மைல் தூங்கிக்கொண்டே வந்து, விடியுமுன் ஹட்டனில் இறங்கலாம். கம்பளிச் சட்டை இல்லாமல் இறங்கினால் அனுபவிப்பீர்கள். பவர்ஹவுஸ் பஸ் காலை 6.50க்குப் புறப்படும். பதினான்கு மைல், கட்டணம் எழுபது சதம். வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். இடது பக்கம் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் மண் மேட்டைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

சிவனு டிக்கோயாவில் ஏறினான். தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். என்னவென்று கேட்டேன். பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போவதாக, தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லித்தான் லீவு வாங்கினானாம். அதே பஸ்ஸில் தோட்டத்து ஆட்கள் நாலு பேர் இருந்ததால் துண்டை அவிழ்க்கவில்லை. அவர்களில் ஒருவர், கிராம்பு எண்ணெய் வைத்துப் பார்த்தாயா என்று கரிசனமாகக் கேட்க, சிவனு பாவமாகத் தலையாட்டினான். இரண்டு மைல் தாண்டி அவர்கள் இறங்கிய பிறகுதான் அவன் பல் குணமானது.

பரீட்சைக்கு வேண்டிய மணி அடிக்கும் கணக்கை நான் முன்பே விசாரித்து ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தேன். ட்ரொலி கீழே போன பிறகு விஞ்ச் மெஷினில் நிற்கிறவருக்கு அது தெரியாது. சரிவில் ஒரு வளைவும் அதற்கு மேல் பெரும்பாலும் பனிமூட்டமும். அதனால் ட்ரொலிக்காரர் கீழேயிருந்து மணி அடிப்பார். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஏற்று. அவ்வளவுதான். சிவனு துண்டை அவிழ்த்த முதல் மைலிலேயே மனப்பாடம் செய்துவிட்டு, அடுத்த மைலில் ஒரு கேள்வி கேட்டான்.

"சரிங்க மச்சான், திருப்பித் தட்டுறது யாரு?"

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்துக் கம்பியில் ஒரு பழக்கம் உண்டு. மேலே இருப்பவன் சாக்கை மாட்டிவிட்டுக் கம்பியைத் தடியால் இரண்டு தட்டு தட்டுவான். அதிர்வு கீழே போகும். ஃபக்டரியில் இருப்பவன் அதே இரண்டு தட்டைத் திருப்பித் தட்ட வேண்டும். அது வந்தால்தான் சாக்கை விடுவார்கள். ஒன்றுதான் வந்ததென்றால் கீழே ஆள் குறுக்கே நிற்கிறான், அல்லது காது கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு நூறு சாக்கு போனாலும் நூறு தடவையும் இப்படித்தான்.

எனக்கு எரிச்சல் வந்தது. மெஷின் படித்தவன் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. "மாப்புள, இது கவர்மெண்டு வேல. கரண்டு மணி. தோட்டத்துப் பழக்கத்தையெல்லாம் லயத்துலயே வச்சிட்டு வாங்க. அங்க போயி எதையாச்சும் திருப்பித் தட்டி மானத்த வாங்கிறாதீங்க" என்றேன். சிவனு சரியென்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எட்டாவது மைலில் டிரைவர் தேநீர் குடிக்க நிறுத்துவார். பன்னிரண்டு நிமிடம். தேநீர் பத்துச் சதம், ரொட்டி பதினைந்து. எங்கே போகிறோம் என்று டிரைவர் கேட்டார். பவர்ஹவுஸுக்கு என்றதும், வேலைக்கா வேடிக்கைக்கா என்றார். அவர் வேலைக்கு, நான் வேடிக்கைக்கு என்று சொன்னேன். அப்படியானால் உங்களுக்கு நிச்சயம் கிடைக்கும் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

பஸ் 8.25க்கு நின்றது. அங்கிருந்து தார் போடாத ரோட்டில் முக்கால் மைல் நடை. அட்டைப்பூச்சி அதிகம். ஒரு துண்டுச் சவுக்காரம் கொண்டுபோய்க் காலில் தேய்த்துக்கொள்ளுங்கள். நான் மறந்து, ஏழு அட்டைகளுக்குச் சாப்பாடு போட்டேன்.

ரோடு முடியும் இடத்தில் விஞ்ச் வீடு. தகரக் கூரை, சிமெந்துத் தரை. உள்ளே ஆள் உயரத்துக்கு இரும்பு உருளை. அதில் கட்டைவிரல் தடிமனில் எஃகுக் கயிறு சுற்றியிருக்கிறது. பக்கத்தில் கரண்டு மோட்டார். தகட்டில் ஐம்பது குதிரைச் சக்தி என்று எழுதியிருந்தது. வாசலில் தண்டவாளம் தொடங்கி அப்படியே விளிம்பில் கவிழ்ந்து பனிக்குள் மறைகிறது. இரண்டடி முன்னால் போனால் ஓரடி கீழே போகும் சரிவு. பக்கத்தில் படிக்கட்டும் உண்டு. ட்ரொலி பழுதானால் அதுதான் கதி.

எனக்குப் பிடித்தது இதன் சுற்றுக்கணக்கு. கீழே உண்டாகும் கரண்டு கம்பியில் மேலே ஏறி வந்து மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார், அந்தக் கரண்டை உண்டாக்குகிறவர்களைக் கீழே இறக்குகிறது. என் மேசைக்கு மேலே உள்ள படத்தில் கரியை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் இதுதான். நான் சந்தோஷத்தில் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். போர்மன் என்னைத்தான் பரீட்சைக்கு வந்தவர் என்று நினைத்துவிட்டார்.

எல்லாரும் 'பாஸ்' என்று கூப்பிடும் அந்தப் போர்மன், ஐம்பது வயதுச் சிங்களவர். தமிழும் சிங்களமும் கலந்து பேசினார். சிவனுவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு கேள்வி எதுவும் கேட்காமல் மெஷினைக் காட்டிக் கொடுத்தார். இந்தப் பிடி ஓட, இந்தக் கால்மிதி பிரேக். சுவரில் மணி. மணிக்குக் கீழே ஒரு கறுப்புப் பொத்தான். அது என்னவென்று கேட்டேன். அதை அழுத்தினால் கீழே இரண்டு மேடைகளிலும் மணி அடிக்குமாம். காலை பத்தரைக்குத் தேநீர் தயார் என்று சொல்ல மட்டும் அதை அழுத்துவார்களாம்.

முதல் ஓட்டம் 9.50க்கு. ட்ரொலியில் ஆறு எண்ணெய்ப் பீப்பா, ட்ரொலிக்காரர் சோமபால. மணி இரண்டு அடித்தது. சிவனு பிரேக்கை மெதுவாக விட்டான். கயிறு முணுமுணுத்துக்கொண்டு இறங்கியது. பதினொரு நிமிடத்தில் மணி ஒன்று. நிறுத்தினான். பிறகு மூன்று. ஏற்றினான். ட்ரொலி வாசலில் வந்து நின்றபோது கீழிருந்து ஏற்றி வந்த வெற்றுப் பீப்பா அசையக்கூட இல்லை. பாஸ் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சிவனு கறுப்புப் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. என் பேச்சைக் கேட்கிறான் என்று எனக்குத் திருப்தி.

இரண்டாவது ஓட்டத்தில் நான் ஏறினேன். 10.40 மணி. அனுமதி தந்த எஞ்சினியரும் ஏறினார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்டவர், கையில் எப்போதும் குடை. கூடவே சோமபால, இரண்டு கூலியாட்கள், நாலு அந்தர், கிட்டத்தட்ட நானூற்றைம்பது ராத்தல், கனமுள்ள ஒரு மரப்பெட்டி. பெட்டியை நடுமேடையில் இறக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: ட்ரொலியில் மேல்பக்கம் பார்த்து உட்காருங்கள். கீழே பார்த்தால் வயிறு முன்னால் போய்விடும். நான் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகளை எண்ணிக்கொண்டு போனேன். இரண்டரை அடிக்கு ஒரு கட்டை. மேலிருந்து கீழே எண்ணூற்று எண்பது. ஆக மொத்தம் இரண்டாயிரத்து இருநூறு அடி. முந்நூறாவது கட்டையில் பனி மூடி, மேலே விஞ்ச் வீடு மறைந்தது. அதன் பிறகு உங்கள் உயிர், கயிற்றிலும் மணியிலும் மேலே நிற்கிறவனின் காலடியிலும் இருக்கிறது.

நானூற்று முப்பதாவது கட்டையில் நடுமேடை. சோமபால ஒரு இரும்புக் கோலால் பக்கத்தில் ஓடும் இரண்டு வெறும் கம்பிகளைச் சேர்த்துத் தொட்டார். அதுதான் மணி அடிக்கும் விதம். ஒன்று. ட்ரொலி நின்றது, ஆனால் ஒரு சாண் கீழே தள்ளி. பலகை போட்டுப் பெட்டியைச் சரித்தார்கள். பாதி போனதும் பலகையின் நுனி ட்ரொலியின் கீழ்ச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் மேலே ஏற்றினால் விடுபடும். சோமபால குந்தி உட்கார்ந்து, இடது காலை மேடையின் சிமெந்து விளிம்பில் உதைத்து, ஒரு கையால் பலகையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அந்தக் கால் இருந்த இடம் ட்ரொலிச் சட்டத்துக்கும் அதற்குக் கீழே இருந்த சிமெந்துக்கும் நடுவில். மறு கையால் கோலை எடுத்து மூன்று தரம் கம்பியைத் தொட்டார்.

மூன்று என்றால் ஏற்று. நாங்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கயிறு அசையவில்லை. அதற்குப் பதிலாக மேடையின் மூலையில் இருந்த மணி, தேநீர் மணி, அடித்தது. இரண்டு தரம்.

கூலியாட்களில் ஒருவர் சிரித்துவிட்டு, தேத்தண்ணி வந்திருச்சு என்றார். இவ்வளவு சொல்லியும் இந்த மடையன் திருப்பித் தட்டிவிட்டான், எஞ்சினியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தட்டிவிட்டான், வேலை போயிற்று என்று நினைத்தேன். அதற்குள் சோமபால காலை இழுத்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"மாத்தயா, நான் மூணு குடுத்தேன். அங்க ரெண்டு போயிருக்கு" என்றார் எஞ்சினியரிடம்.

கோல் ஈரம், கம்பி ஈரம். ஒரு தொடுகை பிடிக்கவில்லை. மேலே கேட்டது இரண்டு. இரண்டு என்றால் இறக்கு.

இந்தக் கட்டுரையில் நான் நேரம் குறிக்காத இடம் இது ஒன்றுதான். சோமபால ஒரு தரம் தொட்டார். ஒன்று திரும்பி வந்தது. கோலை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு மூன்று தரம், நிதானமாக. மூன்று திரும்பி வந்தது. அதன் பிறகு கயிறு இறுகி ட்ரொலி ஒரு சாண் ஏறியது. பலகை விடுபட்டது. எஞ்சினியர் குடையை மடியில் வைத்துக்கொண்டு சோமபாலவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கீழே மின்நிலையம் வரைக்கும் போகவில்லை. எஞ்சினியர் மேலே ஏற்றச் சொன்னார். ஆகவே சுழலிகளைப் பற்றி எழுத என்னிடம் அன்று ஒன்றும் இல்லை.

விஞ்ச் வீட்டில் பாஸ் கோபமாக இருந்தார். மணி இரண்டு அடித்ததும், இறக்கு இறக்கு என்று அவரே இரண்டு முறை சொன்னாராம். இந்த மனிதன் கேட்காமல் தேநீர்ப் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றானாம். நடந்ததை எஞ்சினியர் சிங்களத்தில் சொன்னார். பாஸ் மணிக்குக் கீழே போய் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எஞ்சினியர் சிவனுவிடம், "நீர் ஏன் திருப்பி அடிச்சனீர்? ஆர் உமக்குப் பழக்கினது?" என்று கேட்டார்.

"யாரும் பழக்கலைங்க. கம்பியில அப்படித்தாங்க. தட்டு திரும்பாம சாக்க விடமாட்டோம்" என்றான் சிவனு. மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான்.

எஞ்சினியர் உட்கார்ந்து ஒரு தாளில் நிறைய எழுதினார். கைவேலை மிக நன்று என்று எழுதியதை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். பிறகு பத்திரத்தைக் கேட்டார். சிவனு பவுடர் டின்னைத் திறந்தான். எஞ்சினியர் கடுதாசியை முன்னும் பின்னும் படித்தார். பின்பக்கம் ஒன்றுமே இல்லை, அதையும் படித்தார்.

"இது மனுக் கிடைச்சதெண்ட கடிதம். பத்திரம் இல்லாமல் உம்மை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. மூண்டு மாசம் இந்த இடத்தை வெறுமையா வைச்சிருப்பன். அதுக்குள்ள எப்பிடியும் எடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.

நல்ல மனிதர். சட்டத்தை அவர் எழுதவில்லை.

திரும்பும் பஸ் பிற்பகல் 1.15க்கு. அதற்குமுன் ரோட்டோரக் கடையில் சோறும் பருப்பும் நெத்தலிக் கருவாடும் கிடைக்கும், அறுபது சதம், வயிறு நிறையும். சிவனு பாதியில் எழுந்துவிட்டான். பஸ் புறப்பட்டது. எனக்குத்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை. முதல் தடவை நான் சொன்னதைக் கேட்டவர், இரண்டாம் தடவை ஏன் பொத்தானை அழுத்தினீர்கள் என்றேன்.

"மொத தடவ எண்ணெய்ப் பீப்பா மச்சான். ரெண்டாந்தடவ நீங்க இருந்தீங்க" என்றான்.

டிக்கோயா வருவதற்குள் மறக்காமல் தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டான். நான் வலது பக்க ஜன்னலில்தான் இருந்தேன், ஆனால் அன்று பள்ளத்தாக்கைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

நவம்பரில் பிரஜாவுரிமை மனுவுக்குப் பதில் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. 1941ஆம் வருடம் அவன் இங்கே இருந்ததற்கு ஆதாரம் போதாதாம். அந்த வருடம் அவன் எங்கே இருந்தான் என்று தோட்டம் முழுவதற்கும் தெரியும். இதே மடுவத்தில், இதே கம்பிக்கு அடியில், சாக்கில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான். தினம் வேலைக்கு வந்த ஆட்களைப் பதியும் அந்த வருடத்துப் பெரட்டுப் புத்தகம் மழையில் நனைந்து தாளோடு தாள் ஒட்டிக் கட்டையாகப் போயிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, எழுதும்போதும் இருக்கிறது. அப்பீல் எழுதிக் கொடுத்தேன். அது எந்த மேசையில் இருக்கிறதோ. மூன்று மாதம் முடிந்து பத்து நாள் கழித்து, இடத்தை நிரப்பிவிட்டதாக எஞ்சினியர் தன் கைப்படக் கடிதம் எழுதியிருந்தார்.

அடுத்த வருடம் மே மாதம் மறுபடி போனேன். பவர்ஹவுஸ் குவார்ட்டர்ஸில் இரண்டு தையல் மெஷின் பழுது. கூலியாக எனக்குக் கிடைத்ததில் பெரியது ட்ரொலியில் கீழே வரை போக அனுமதி. பஸ் கட்டணம் அதேதான். இம்முறை காலில் சவுக்காரம் தேய்த்திருந்தேன்.

விஞ்ச் மெஷினில் புதியவர் ஒருவர் இருந்தார். சுவரில் மணிக்கு மேலே பலகை ஒன்று புதிதாக ஏறியிருந்தது. மேலே சிங்களம், கீழே ஆங்கிலம். கேட்ட மணியைத் திருப்பி அடிக்காமல் மெஷினை ஓட்டக் கூடாது என்று எழுதியிருந்தது. தேநீருக்கு வேறு ஏற்பாடு, படிக்கட்டில் நின்று கூவுகிறார்கள்.

நடுமேடையில் சோமபால என்னை அடையாளம் கண்டுகொண்டார். இடது காலை முன்னால் நீட்டி, ஐந்து விரலையும் ஆட்டிக் காட்டினார். பிறகு கோலை எடுத்துக் கம்பியை இரண்டு தரம் தொட்டார். ஒரு மூச்சு நேரம் கழித்து மூலையிலிருந்த மணி இரண்டு தரம் அடித்தது.

"சிவனு ஆவா" என்றார் சோமபால. பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஆட்களும் அதையே சொல்லிக்கொண்டு பலகையை விட்டு விலகினார்கள். சிங்களத்தில் 'சிவனு வந்தாச்சு' என்று அர்த்தம். மணி திரும்பினால் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். புதிதாகச் சேர்ந்த ஆட்களுக்கு அது ஒரு ஆளின் பெயர் என்றே தெரியாது. கட்டைகளை எண்ணுவது நானூற்று முப்பதோடு நின்றுபோயிற்று.

கீழே மின்நிலையத்தில் சுழலிகளைப் பார்த்தேன். பெரியவை, சத்தமானவை. அவற்றைப் பற்றி எஞ்சினியர்கள் எழுதுவார்கள்.

அன்று மாலையே தோட்டத்துக்குப் போய்ச் சிவனுவிடம் சொன்னேன். கடைசிக் கொழுந்து போய்க்கொண்டிருந்த நேரம். முழுவதும் கேட்டுவிட்டு, புது ஆள் எண்ணித் திருப்பி அடிக்கிறாரா, இல்லை சும்மா அழுத்துகிறாரா என்று மட்டும் விசாரித்தான். எண்ணித்தான் அடிக்கிறார் என்றேன். அப்படியென்றால் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த சாக்கை மாட்டினான்.

போக விரும்புகிறவர்களுக்கு இனிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு மாதம் முன்பே எஞ்சினியருக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பனி குறைவு, வளைவு வரை சரிவு தெரியும். ஹட்டனிலிருந்து போய்வர ஒரு ஆளுக்கு இரண்டரை ரூபாய் தாராளம். ட்ரொலியில் ஏறியதும் மணியைக் கவனியுங்கள். அடித்த மணி அதே எண்ணிக்கையில் திரும்பி வராவிட்டால் இறங்கிவிடுங்கள், வெட்கப்படாதீர்கள். திரும்பி வந்தால், பக்கத்தில் இருப்பவர் 'சிவனு ஆவா' என்பார். யார் வந்தது என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். அப்படி ஒருவரை அங்கே வேலைக்கு எடுக்கவில்லை.